பிள்ளைகளை எண்ணும் விசா

ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகத் தங்குவதற்கு ராணியம்மாள் விசா மனுப் போட்டு எட்டு வருஷம் ஆகிவிட்டது. அந்த எட்டு வருஷமும் அவளுக்குச் சோறு போட்டது ஆஸ்திரேலியா இல்லை. திருமுல்லைவாயில் ஸ்டேஷனுக்குப் பின்னால், இரண்டு அறை வாடகை வீட்டில் இருக்கும் மகள் ராதிகாதான் போட்டாள். சோறு மட்டுமா? சர்க்கரை மாத்திரை, முழங்கால் தைலம், வருஷத்துக்கு ஒரு தடவை கண் டாக்டர், வாரத்துக்கு ஒரு தடவை "எங்கிட்ட யாரும் பேச மாட்டேங்கிறீங்க" என்று வரும் அழுகை, எல்லாவற்றையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். முகம் சுளித்துச் செய்யவில்லை. பெற்றவளுக்குச் செய்யாமல் வேறு யாருக்குச் செய்வது என்று நினைக்கிற ரகம் அவள். அந்த ரகத்து ஆட்களைத்தான் உலகம் முதலில் குனிய வைக்கும்.

ராணியம்மாளுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் ஜெகதீஷ், மெல்பர்னில் கம்ப்யூட்டர் வேலை. அந்த நாட்டுக் குடிமகனாகவே ஆகிவிட்டவன். நடுவில் ராதிகா. கடைசி கிரண், வெள்ளானூரில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு இருக்கிறான். கிரண் மனைவிக்கும் மாமியாருக்கும் மூன்று நாளுக்கு மேல் ஒத்துவராது என்பது ஊரறிந்த விஷயம். அதனால் அப்பா நடேசன் இறந்த பிறகு அம்மா, பையோடு மகள் வீட்டுக்கு வந்தாள். "உங்கண்ணன் கூப்பிட்ற வரைக்கும்தாண்டி" என்று சொல்லிக்கொண்டுதான் வந்தாள்.

ராதிகா அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் வாஷர் செய்யும் ஒரு கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். பதினெட்டு வருஷ சர்வீஸ். புருஷன் ஜேம்ஸ் கூரியர் வண்டி ஓட்டுகிறான். எஸ்டேட் பஸ்ஸில் பழகிக் கட்டிக்கொண்ட கல்யாணம். சர்ச்சில் நடந்தது என்பதால் அப்பா இரண்டு வருஷம் பேசவில்லை. பேத்தி ஆக்னஸ் பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து நின்றவர், அதற்குப் பிறகு இறக்கும்வரை இவள் வீட்டில்தான் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டார். அந்தச் சண்டை அத்தோடு முடிந்தது.

விசா என்றால் என்ன என்பதை அந்த வீட்டில் முதலில் படித்துத் தெரிந்துகொண்டவளும் அவள்தான். 2014-இல் ஜெகதீஷுக்குக் குழந்தை பிறந்தபோது அம்மாவை மூன்று மாதம் அனுப்ப வேண்டியிருந்தது. சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கான விசா. அங்கேயே தங்கிவிட மாட்டார், திரும்பி வருவார் என்று அவர்கள் நம்ப வேண்டும். அதற்கு ஊரில் ஏதாவது பிடிப்பு இருப்பதாகக் காட்ட வேண்டும். அண்ணன் சொல்லச் சொல்ல ராதிகாவே உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினாள். 'என் தாயார் என் வீட்டில் வசிக்கிறார், நான் அவருடைய ஒரே மகள், என்னைவிட்டு அவர் இருக்க மாட்டார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். விசா ஒரே வாரத்தில் வந்தது. அம்மா போய், பேரனைக் குளிப்பாட்டி, மூன்று மாதத்தில் திரும்பி வந்தாள். வந்த நாளிலிருந்து, "அங்கே தூசியே இல்லடி" என்பதுதான் பேச்சு.

பிறகு 2017-இல் நிரந்தர விசாவுக்கு மனு. இந்த முறை எல்லாம் அண்ணனே பார்த்துக்கொண்டான். லீவில் வந்தபோது அம்மாவிடம் கட்டுக்கட்டாகக் கையெழுத்து வாங்கினான். அன்று ராதிகா அடுப்படியில் அவனுக்காக வஞ்சிரம் வறுத்துக்கொண்டிருந்தாள். காகிதங்களைப் பார்க்க அவளுக்கு நேரமும் இல்லை, பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. கூடப் பிறந்தவன் காகிதத்தில் நமக்கு என்ன வேலை?

மனு கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. வரிசை அப்படி. உலகமெங்கும் இருக்கிற அம்மா அப்பாக்கள் எல்லாம் அந்த ஒரு வரிசையில்தான் நிற்கிறார்கள் என்று அண்ணன் சொல்வான். இந்த வருஷம் தை முடிந்து மாசியில், ஒரு வழியாக மெயில் வந்தது. மருத்துவப் பரிசோதனை செய்யுங்கள், போலீஸ் சான்றிதழ் வாங்குங்கள். ராதிகா நான்கு நாள் லீவு போட்டாள். அம்மாவை ஆட்டோவில் ஏற்றி, எக்ஸ்ரேவுக்கு வளையலைக் கழற்றி வாங்கி வைத்து, பாஸ்போர்ட் ஆபீஸ் வரிசையில் தண்ணீர் பாட்டிலோடு நின்று, எல்லாவற்றையும் முடித்தாள். அம்மா போய்விடுவாளே என்று ஒரு பக்கம் வருத்தமாக இருந்தது. போகட்டும், பெரியவனோடு கொஞ்ச காலம் சுகமாக இருக்கட்டும் என்று இன்னொரு பக்கம் மனசைத் தேற்றிக்கொண்டாள்.

சித்திரையில் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம். கம்பெனி கேன்டீனில் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது போனில் அண்ணன் அனுப்பிய காகிதம் வந்தது. கூடவே, 'ராதி, இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டு நோட்டரி கிட்ட அட்டெஸ்ட் பண்ணி அனுப்பு. அர்ஜென்ட்' என்று ஒரு வரி.

ராதிகா பி.காம். படித்தவள். ஆங்கிலம் எழுத்துக்கூட்ட வேண்டியதில்லை. உறுதிமொழிப் பத்திரம் அது. நான், ஜேம்ஸின் மனைவி ராதிகா, திருமதி ராணியம்மாளின் வயிற்றில் பிறந்த மகளோ, அவரால் தத்து எடுக்கப்பட்ட மகளோ அல்ல; அவருடைய காலஞ்சென்ற கணவருக்குத் தூரத்து உறவு; முன்பு எழுதிய கடிதத்தில் மகள் என்று சொன்னது பாசத்தால் சொன்னது. அவ்வளவுதான். ஒரே பக்கம்.

அவள் இரண்டு தடவை படித்தாள். எதிரில் உட்கார்ந்திருந்தவள் "இன்னாக்கா, சாம்பார் ஊசிப்போச்சா?" என்று கேட்டாள். ராதிகா டிபன் பாக்ஸை மூடிவிட்டு வெளியே வந்து, லாரிகள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் நின்று அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"ராதி, கோவப்படாம கேளு," என்றுதான் அவன் ஆரம்பித்தான். அப்படி ஆரம்பிக்கிற எந்தப் பேச்சு நல்ல பேச்சாக இருந்திருக்கிறது?

"அங்க ஒரு ரூல் இருக்கு. பெத்தவங்களுக்கு பெர்மனென்ட் விசா குடுக்கணும்னா, அவங்க பிள்ளைங்கள்ல பாதிப் பேராவது ஆஸ்திரேலியாவுல செட்டில் ஆயிருக்கணும். நாம மூணு பேர். நான் ஒருத்தன்தான் இங்க இருக்கேன். பாதி வராது. ரெண்டு பேர்னு போட்டா, அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, பாதி வந்துடும். அதான்..."

"அதான் என்னை எட்த்துட்டியா?"

"பேப்பர்ல மட்டும்தான் ராதி."

"கிரண எடுக்க வேண்டியதுதானே. என்னை ஏன் எட்த்தே?"

அண்ணன் காரணத்தைச் சொன்னான். ஃபேமிலி ப்ரூஃபாக வைத்தது ரேஷன் கார்டு. அதில் அம்மா பேரும் கிரண் பேரும் இருந்தன. ராதிகா பேர் இல்லை. கல்யாணமான பெண் புருஷன் வீட்டுக் கார்டில் சேர, பிறந்த வீட்டுக் கார்டில் பேரை நீக்கிச் சான்று வாங்க வேண்டும். ஊரில் எல்லாப் பெண்களும் செய்வதுதான். ராதிகாவும் தாலுகா ஆபீஸில் கால் கடுக்க நின்று, தன் பேரைத் தானே நீக்கிக்கொண்டு வந்தவள். அரிசிக்கும் சர்க்கரைக்கும் என்று அடித்த கோடு அது. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு தன்னைப் பிறப்பிலிருந்தே அடித்துவிடுவார்கள் என்று எந்தப் பெண் நினைப்பாள்?

"உன் பேர் எந்தப் பேப்பர்லயும் இல்ல, ஈஸியா இருந்துச்சு," என்றான் ஜெகதீஷ். "இப்போ பழைய டூரிஸ்ட் விசா ஃபைலை எடுத்துப் பாத்துட்டாங்க. அதுல உன் லெட்டர். ஒரே மகள்னு எழுதியிருக்கே. இது யாருன்னு கேக்கறாங்க."

அவள் எழுதிய கடிதமேதான். அம்மாவை அனுப்புவதற்கு மகள் தேவைப்பட்டாள். அம்மாவை வைத்துக்கொள்வதற்கு அதே மகள் இடைஞ்சல்.

மறுநாள் முகப்பேரில், ஸ்வீட் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் ஒரு விசா ஆலோசகரிடம் போனாள். யாரோ தெரிந்தவருக்குக் கேட்பது போலக் கேட்டாள். அந்த ஆள் பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னார். அண்ணன் சொன்ன விதி உண்மைதான். பிள்ளைகளில் ஒருவரை மறைத்தால் மாட்டிக்கொண்ட பிறகு கதவு சாத்திக்கொள்ளும் என்பதும் உண்மை. கடைசியில் அவர் சொன்னதுதான் அவளை நாற்காலியோடு அறைந்து வைத்தது.

"ஏம்மா, நிரந்தரம்தான் வேணும்னு ஏன் நிக்கறாங்க? பெத்தவங்களுக்கு இன்னொரு விசா இருக்கே. 2019-ல வந்தது. மூணு வருஷம், இல்லன்னா அஞ்சு வருஷம். திரும்ப ஒரு தடவை எடுக்கலாம், மொத்தம் பத்து வருஷம் வரைக்கும் இருக்கலாம். அதுக்கு எத்தனை பிள்ளைங்க, எங்க இருக்காங்கன்னு யாரும் எண்ண மாட்டாங்க."

"யாரும் எண்ண மாட்டாங்களா?"

"அந்தப் பரீட்சையே அதுல கிடையாதும்மா."

படி இறங்கும்போதே அண்ணனுக்குப் போன் செய்தாள். அவனுக்கு அந்த விசா தெரியும். வந்த வருஷமே தெரியும்.

"அது டெம்பரரி ராதி. காலம் முடிஞ்சா அம்மாவைத் திருப்பி அனுப்பணும். அந்த வயசுல திருப்பி அனுப்பினா அங்க யார் பாத்துப்பாங்க?"

ராதிகா மாடிப்படியின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாள் யார் பார்த்துக்கொண்டார்களாம்? பொழுது விடிந்தால் யார் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறார்களாம்? கேட்க வந்தது வாய்வரைக்கும். கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற பதிலா அது? போனை வைத்துவிட்டாள்.

அம்மாவுக்குத் தெரிந்திருக்காது. அதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். ஆங்கிலக் காகிதம், பெரியவன் நீட்டினான், அம்மா போட்டாள். அம்மாவுக்கு என்ன தெரியும்?

வீட்டில் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ராதிகா செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"மா, அண்ணன் விசாவுல உனக்கு எத்தினி பசங்கன்னு போட்டுகிறான், தெரியுமா?"

அம்மா கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை. "ரெண்டு," என்றாள்.

ராதிகா அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"எப்ப தெரியும்?"

"கையெழுத்து வாங்கினப்பவே சொல்ட்டான். மூணுன்னு போட்டா குடுக்க மாட்டாங்களாம். பேப்பர்ல தானேடி. பேப்பர்ல இல்லாட்டி நீ எம் பொண்ணு இல்லேன்னு ஆயிடுமா?"

"எட்டு வருசமா தெரியும். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"சொன்னா நீ இதே மாரி குந்திகினு அழுவே. அதான் சொல்லல."

"ஆக்னஸுக்கு நீ யாரு அப்போ?"

"இன்னாடி கேள்வி இது? வக்கீல் மாரி கேக்கறே. எனக்கு வயசாயிகினு போவுது. மூட்டு வலி. அங்கே ஆஸ்பத்திரி எல்லாம் எப்டி கீது தெரியுமா? எம் புள்ள கூப்புட்றான். ஒரு கையெழுத்து போட்டா உனக்கு இன்னா கொறைஞ்சிடும்?" சொல்லிக்கொண்டே அம்மா அழுதாள். அழுகை நிஜம்தான். அந்த அழுகைக்குத்தான் ராதிகா வாழ்நாள் முழுக்க இறங்கி வந்திருக்கிறாள்.

ஜேம்ஸுக்குக் கோபம் கட்டுக்கடங்கவில்லை. "போடாத ராதி. பொய் சத்தியம் அது. நாளைக்கு மாட்டினா நீதான் உள்ள போவே," என்றான். அந்த வாரம் அவள் கம்பெனியில் நல்ல வாஷரை எல்லாம் கழிவில் போட்டு சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். கிரண் போனில், "பெரியவன் எல்லாம் யோசிச்சுத்தான் பண்ணுவான்க்கா, போட்டுக் குட்த்துடு," என்றான். அவனுக்கென்ன, அவன் பேர் பத்திரமாக இருக்கிறது.

கடைசியில் போட்டுவிடுவது என்றுதான் முடிவு செய்தாள். ஏமாளித்தனம் என்று சொல்லுங்கள். அவளே அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். அம்மாவுக்கு எழுபது வயது. இந்த விசா தன் கையெழுத்தால் நின்றுபோனால், அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒவ்வொரு வேளைச் சோற்றோடும் அந்தக் குத்தலையும் சேர்த்துத்தான் பரிமாற வேண்டியிருக்கும். இன்னொன்றும் இருந்தது, அதை ஜேம்ஸிடம்கூட அவள் சொல்லவில்லை. அம்மா போட வேண்டிய பத்திரம் ஒன்றையும் அண்ணன் அனுப்பியிருந்தான், இருவரும் சேர்ந்துதான் நோட்டரியிடம் போக வேண்டும். கையெழுத்துப் போடுகிற இடத்தில் அம்மா வாய் திறக்க மாட்டாள் என்று நினைத்தாள். அந்நியர் ஒருவர் முன்னால், பெற்ற மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இல்லை என்று சொல்ல அம்மாவுக்கு நாக்கு வராது. தடுமாறுவாள். கண் கலங்குவாள். அது போதும். அதைப் பார்த்துவிட்டால் கையெழுத்து என்ன, ரேகைகூட வைத்துக் கொடுப்பாள்.

திங்கட்கிழமை காலை பதினோரு மணி வரை பெர்மிஷன் சொல்லிவிட்டு அம்மாவை அழைத்துக்கொண்டு போனாள். அம்பத்தூரில் கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் நோட்டரி வக்கீலின் அறை. அம்மா பச்சைப் பட்டுக்கரைப் புடவை கட்டி, நெற்றியில் விபூதி இட்டிருந்தாள். படியேறும்போது ராதிகாவின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினாள். "மெல்ல மா," என்று இவளும் சொன்னாள், பழக்க தோஷம்.

இரண்டு பத்திரங்கள். அம்மாவுடையது ஒன்று, ராதிகாவுடையது ஒன்று. நோட்டரி அறுபது வயதுக்காரர், மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு முழுவதும் படித்தார். படித்துவிட்டு இருவர் முகத்தையும் பார்த்தார். அதே அகல நெற்றி, அதே மேல்வரிசைப் பல், வலது கன்னத்தில் ஒரே இடத்தில் மச்சம். அவருக்கு என்னவோ பிடிக்கவில்லை.

"நான் முத்திரை குத்தறேன்மா. குத்தறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்," என்று அம்மாவைப் பார்த்தார். "இவங்க நீங்க பெத்த பொண்ணு இல்லையா?"

ராதிகா தலையைக் குனிந்துகொண்டாள். அம்மாவின் முகத்தைப் பார்த்து அவளைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று.

"இல்லீங்க சார்," என்றாள் அம்மா.

தடுமாறவில்லை. மூச்சு வாங்கவில்லை. காய்கறிக்காரனிடம் கத்தரிக்காய் வேண்டாம் என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாக வந்தது. அத்தோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. நோட்டரியின் முகத்தில் நம்பிக்கை வரவில்லை என்று கண்டு, பத்திரத்தில் இல்லாததையும் அவளாகவே சேர்த்தாள்.

"எங்க ஊட்டுக்காரருக்குத் தூரத்துச் சொந்தம் சார். இதோட அம்மா சின்ன வயசுலயே செத்துட்டாங்க. நாதியில்லாம நின்னுச்சு. பாவம்னு நாங்க வச்சிகினு வளத்தோம்."

பாவமாம். யார் சொல்லிக்கொடுத்தது இதை? அண்ணன் எழுதிய காகிதத்தில் அந்த வார்த்தை இல்லை. அம்மா செத்துவிட்டதாகவும் இல்லை. எட்டு வருஷம் அம்மா இதை மனசுக்குள் சொல்லிப் பழகியிருக்கிறாள். இவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே, இவள் தேய்த்துவிட்ட காலை நீட்டிக்கொண்டே பழகியிருக்கிறாள். ராதிகாவுக்கு அழுகை வரும் என்றுதான் அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. காது மட்டும் கொதித்தது.

நோட்டரி பெருமூச்சு விட்டுப் பேனாவை ராதிகா பக்கம் நகர்த்தினார். "போடுங்கம்மா."

அவள் பேனாவை எடுத்தாள். மூடியைப் போட்டு மூடி, பத்திரத்தின் மேலேயே திரும்ப வைத்தாள்.

"எங்கம்மா செத்துட்டாங்களாம் சார். செத்தவங்களுக்கு எதுக்கு விசா?"

"ராதி," என்றாள் அம்மா. "ராதி, இன்னாடி இது, எட்டு வருசம்டி." புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். ராதிகா அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுப் படி இறங்கினாள். மணி பத்தே முக்கால். இப்போது பஸ் கிடைத்தால் பெர்மிஷன் முடிவதற்குள் கம்பெனிக்குப் போய்விடலாம்.

ஸ்டாப்பில் நின்று கிரணுக்குப் போன் செய்தாள்.

"கிரணு, உங்கம்மா அம்பத்தூர் கோர்ட்டாண்ட, ஜெராக்ஸ் கடைக்கு மேல நோட்டரி ரூம்ல கீறாங்க. தனியா படி எறங்க முடியாது. வந்து உங்க ஊட்டுக்கு இட்டுகினு போ."